வல்லை வெளிக் கம்பிகளில் வந்தமரும் தகைவிலான்

கரவெட்டியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் யாழ்ப்பாணம் சென்று திரும்பும் ஆசிரியரான நீங்கள், ஐப்பசி மழை தொடங்கிய பின்னர் வல்லை வெளியைக் கடக்கும் வேளைகளில் மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் சிறு பறவைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவற்றின் பெயர் என்ன, அவை எங்கே வாழ்கின்றன, அவற்றின் கூட்டை மாணவர்களுக்குக் காட்ட முடியுமா என்பன உங்கள் கேள்விகள். பனையோலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு போன்ற கூடுதான் அவற்றின் கூடு என்று உங்கள் அம்மம்மா சொன்னதையும், வகுப்பறை முகட்டில் ஒரு சட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் வந்து குடியேறுமா என்று மாணவன் ஒருவன் கேட்டதையும் சேர்த்து எழுதியிருந்தீர்கள். நீங்கள் கண்டது தகைவிலான் குருவி. கூட்டைப் பற்றிய விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதை யாழ்ப்பாணத்தில் எங்கும் காட்ட முடியாது. இந்தப் பறவை இலங்கையில் ஆறேழு மாதங்கள் தங்கினாலும் இங்கே ஒரு முட்டைகூட இடுவதில்லை. அதன் கூடு இமயமலைச் சாரலிலோ சீனாவிலோ கொரியாவிலோ யப்பானிலோ ஒரு வீட்டின் இறவாரத்தின் கீழ் இருக்கிறது. அம்மம்மா கண்ட கூடும் உண்மையான கூடுதான். ஆனால் அதன் சொந்தக்காரர் வேறு. அது யார் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் பெயர். தகைவு என்ற சொல்லுக்கு இளைப்பு என்றும் தடை என்றும் பொருள் உண்டு. ஆகவே தகைவிலான் என்பதை இளைப்பில்லாதது என்று பிரித்துப் பொருள் கொள்ளலாம். பகல் முழுதும் காற்றில் சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு பறவைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. நம்மூரில் பலருக்கு இந்தச் சொல் பறவையைப் பார்த்துத் தெரிந்ததல்ல, தேவாலயத்தில் கேட்டுத் தெரிந்தது. தமிழ் விவிலியத்தின் 84ஆம் சங்கீதத்தில், ஆண்டவரின் பீடத்தருகே தன் குஞ்சுகளுக்குக் கூடு கண்ட பறவையாக வருவது இந்தத் தகைவிலான் குருவிதான். எரேமியாவின் நூலில் அது, தான் வர வேண்டிய காலத்தை அறிந்த பறவைகளுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. கட்டடங்களுக்குள் கூடு கட்டுவதும் பருவம் தவறாமல் வலசை வருவதுமாகிய இதன் இரண்டு முக்கிய இயல்புகளும் அந்த இரண்டு இடங்களில் அடங்கிவிட்டன என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

இனி, தோற்றம். நன்கு வளர்ந்த தகைவிலானின் நீளம் 17 முதல் 19 சென்ரிமீற்றர் வரை இருக்கும். ஆனால் அந்த நீளத்தில் 2 முதல் 7 சென்ரிமீற்றர் வரை வாலின் இரு ஓரங்களிலும் கம்பிபோல் நீண்டிருக்கும் இறகுகளுக்கே போய்விடுவதால், உடலை மட்டும் பார்த்தால் அது சிட்டுக்குருவியைவிடப் பெரிதல்ல. சிறகுகளை விரித்தால் ஏறத்தாழ 32 சென்ரிமீற்றருக்கு மேல் வரும். எடை 16 முதல் 22 கிராம், அதாவது ஒரு சிறு பனங்கட்டித் துண்டின் நிறை. முதுகும் தலையும் சிறகின் மேற்பகுதியும் கருநீலம். வெயில் படும்போது அந்த நீலம் உருக்குப்போல் மின்னும், நிழலில் வெறும் கறுப்பாகத் தோன்றும். நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம். தொண்டைக்குக் கீழே ஒரு கருநீலப் பட்டை. அதற்குக் கீழே வயிறு வெள்ளை அல்லது மங்கிய வெள்ளை. வால் ஆழமாகப் பிளந்திருக்கும், அதை விரித்துத் திரும்பும்போது நுனிக்குச் சற்று உள்ளே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அலகு சிறியதுதான், ஆனால் வாய் அகலமானது. பறந்தபடியே பூச்சியை அள்ளுவதற்கு வேண்டியது அலகின் நீளமல்ல, வாயின் அகலம். கால்கள் குட்டையானவை, கம்பியைப் பற்றி அமரப் போதுமானவை, நடப்பதற்கு உதவாதவை. பெண்பறவையின் வால்கம்பிகள் ஆணுடையதைவிடக் குட்டை, அதன் நீலமும் சற்று மங்கல். அந்த ஆண்டு பிறந்த இளம் பறவை பழுப்புச் சாயலோடும் வெளிறிய முகத்தோடும் இருக்கும். வால்கம்பி அதற்கு இன்னும் வளர்ந்திராது.

உலகில் இந்த இனத்தைப் பொதுவாக ஆறு துணையினங்களாகப் பிரிக்கிறார்கள். இலங்கைக்குக் கூடுதலாக வருவது கிழக்காசியத் துணையினம். ஐரோப்பியப் பறவையைவிட அது சற்றுச் சிறியது, அதன் மார்புப் பட்டை முழுமையாக இல்லாமல் நடுவில் தொண்டையின் செந்நிறம் புகுந்து அறுந்தாற்போல் இருக்கும். எப்போதாவது வயிறு முழுவதும் செம்மஞ்சளான ஒரு பறவை கூட்டத்தில் தென்பட்டால், அது சைபீரியாவின் நடுப்பகுதியிலும் வட மொங்கோலியாவிலும் கூடு கட்டும் துணையினமாக இருக்கலாம் என்று குறித்துவையுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது: படத்தில் உள்ள பறவைக்கு நீண்ட வால் இருக்கிறது, நாம் காண்பவற்றுக்கு அது இல்லையே, ஆகவே இது வேறு பறவையோ என்ற உங்கள் ஐயம். படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எல்லோரும் இடறுகிற இடம் இது. தகைவிலான் தன் இறகுகளை மாற்றிக்கொள்வது கூடு கட்டும் நாட்டில் அல்ல, நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் தங்கியிருக்கும் மாதங்களில்தான். வாழ்வாதாரமே பறப்பில் இருக்கும் பறவை எல்லா இறகுகளையும் ஒரே வாரத்தில் உதிர்த்துவிட்டால் பட்டினி கிடக்க வேண்டிவரும். அதனால் சிறகின் பெரிய இறகுகளை ஒன்றன்பின் ஒன்றாக, இரு புறமும் சமமாக உதிர்த்து, ஒன்று வளர்ந்து வர அடுத்ததை விடுகிறது. இந்த வேலை மாதக்கணக்கில் நீள்கிறது. எனவே கார்த்திகை, மார்கழியில் வல்லை வெளியில் காணும் பறவைகளிற் பல, பழைய வால்கம்பியை இழந்து புதியது வளராத நிலையில், பொலிவு குன்றி, சிறகில் ஓட்டை விழுந்தாற்போலத் தோன்றும். இளம் பறவைகளும் கலந்திருப்பதால் வரிசை முழுவதும் மொட்டை வாலாகத் தெரியும். அதே கம்பியை மாசி பங்குனியில் பாருங்கள். நீலம் மினுங்கும், தொண்டை சிவந்திருக்கும், வால்கம்பி நீண்டிருக்கும். மாணவர்களை அழைத்துச் சென்று காட்டுவதென்றால் மார்கழியைவிடப் பங்குனியே நல்லது. மழைத் தொல்லையும் இராது.

கம்பியில் அமரும் பறவைகளெல்லாம் தகைவிலான் அல்ல. இரட்டைவால் குருவி என்று நாம் சொல்லும் கரிச்சானுக்கும் பிளந்த வால்தான், ஆனால் அது உடலெல்லாம் கரி நிறம், அளவில் பெரியது, கூட்டமாக அமராமல் தனித்திருந்து வயலுக்குள் பாய்ந்து மீளும். பச்சை நிறமும் நீண்ட அலகும் கொண்ட பஞ்சுருட்டானை எவரும் மாற்றிச் சொல்லமாட்டார்கள். உண்மையான குழப்பம் இரண்டு பறவைகளால் வருகிறது, இரண்டும் பனையோடு தொடர்புடையவை.

அவற்றுள் ஒன்று பனை உழவாரன். பனங்கூடல் உள்ள இடமெல்லாம் ஆண்டு முழுவதும் கிறீச்சிட்டுக்கொண்டு வட்டமிடும் மெலிந்த சாம்பற்பழுப்புப் பறவை அது. சிறகு அரிவாள்போல் ஒடுங்கி வளைந்திருக்கும். அம்மம்மா சொன்ன கூடு இதனுடையது. தொங்கும் ஓலையின் மடிப்பில், பஞ்சையும் சிறு இறகுகளையும் தன் உமிழ்நீரால் ஒட்டி ஒரு சிறு கிண்ணம் செய்து, அதில் இரண்டு மூன்று முட்டைகளை இட்டு அடைகாக்கிறது. ஓலை காற்றில் எவ்வளவு ஆடினாலும் முட்டை விழாத அளவுக்கு அந்தப் பசை பிடிக்கிறது. பார்வைக்குத் தகைவிலானும் உழவாரனும் ஒரே குடும்பம்போல் தோன்றினாலும் இவற்றுக்குள் நெருங்கிய உறவில்லை. உழவாரன்கள் அமெரிக்கக் கண்டங்களின் ரீங்காரச் சிட்டுகளுக்குத்தான் உறவினர், தகைவிலானோ காகம், மைனா, சிட்டுக்குருவி ஆகியவை அடங்கும் பெரும் வரிசையைச் சேர்ந்தது. காற்றில் பூச்சி பிடிக்கும் தொழில் ஒன்றாக இருந்ததால் உருவமும் ஒன்றுபோல் அமைந்துவிட்டது. இரண்டையும் பிரித்தறிய மாணவர்களுக்கு ஒரே ஒரு விதி போதும்: உழவாரனால் கம்பியில் அமர முடியாது. அதன் கால்விரல்கள் ஓலையையோ சுவரையோ கொளுவிப் பிடித்துத் தொங்குவதற்கென அமைந்தவை. கம்பியில் அமர்ந்திருந்தால் அது உழவாரன் அல்ல, அவ்வளவுதான்.

மற்றது, பனைகளின் உச்சியிலும் கம்பிகளிலும் தோளோடு தோள் ஒட்டி ஐந்தாறாக அமரும், கொழுத்த உடலும் தடித்த நீலச்சாம்பல் அலகும் கொண்ட சாம்பல் நிறப் பறவை. இதுவும் பறந்து பூச்சி பிடிப்பதால் இதையும் தகைவிலான் என்று சிலர் சேர்த்துச் சொல்வதுண்டு. ஆனால் இதற்குப் பிளந்த வால் இல்லை, உறவிலும் இது வேறு குடும்பம். பனை மட்டையின் அடியில் வேர்களையும் நார்களையும் கொண்டு கூடு வைத்து இங்கேயே வாழ்கிறது.

தகைவிலான் இலங்கைக்கு ஓகஸ்ற் கடைசியிலோ செப்ரெம்பரிலோ வரத் தொடங்குகிறது. ஏப்ரல் மாதத்தில் பெரும்பாலானவை போய்விடும், பிந்தியவை மே மாதத்திலும் தென்படுவதுண்டு. நம் கடற்றொழிலாளரின் கணக்கில் சொன்னால், வாடைக்காற்று பிறப்பதற்குச் சற்று முந்தி வந்து, சோளகம் வலுப்பதற்கு முன் புறப்பட்டுவிடுகிறது. யாழ்ப்பாணத்தின் ஆண்டுப் பருவத்தோடு இந்தக் காலம் நன்றாகப் பொருந்துகிறது. முதல் மழைக்குப் புற்றீசல் கிளம்புகிறது. தரவைகளிலும் வழுக்கியாற்றின் இரு பக்க வயல்களிலும் தண்ணீர் தேங்குகிறது. காலபோக நெல் வளரும் மாதங்கள் முழுவதும் நுளம்பும் ஈயும் சிறு வண்டும் எழும்பிக்கொண்டேயிருக்கின்றன. பறக்கும் பூச்சிகளைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் உண்ணாத ஒரு பறவைக்கு இந்த நிலம் மாரியில் ஒரு சோற்றுப்பானை.

அதற்கு வேண்டிய வாழிடம் எளியது: தாழப் பறக்கத் தடையில்லாத வெளி, அருகில் தண்ணீர், இளைப்பாற ஒரு கம்பியோ பட்டமரமோ. அடர்ந்த காட்டை அது தவிர்க்கும். வல்லை வெளியும் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியின் கரைகளும், சரசாலைப் பக்கத்து நீர்நிலங்களும், நாவற்குழி, கைதடி வயல்களும், பண்ணைப் பாலத்திலிருந்து மண்டைதீவு வரை விரியும் ஆழமற்ற நீர்ப்பரப்பும் இந்த மூன்று தேவைகளையும் நிறைவேற்றும் இடங்கள்; நான் இவற்றை மாரியில் அதிகம் கண்டதும் இங்கேதான். குளக்கரையொன்றில் மாலை வேளையில் நின்று பார்த்தால் இது தண்ணீர் குடிக்கும் விதத்தைக் காணலாம். கரையில் இறங்குவதில்லை, நீர்மட்டத்தை ஒட்டிப் பறந்து, கீழ் அலகால் ஒரு கோடு கிழித்து, ஒரு வாய் நீரை அள்ளிக்கொண்டு மேலெழும். பண்ணை போன்ற இடங்களின் உப்பு நீரில் அவ்வாறு தொடுவது குடிப்பதற்கல்ல, நீர்மேல் மிதக்கும் பூச்சியை எடுப்பதற்கு அல்லது உடலை நனைத்துக்கொள்வதற்கு. குடிப்பதற்கு மழைநீர்க் குட்டைகளையும் குளங்களையும் நாடுகிறது.

வேட்டையாடும்போது பெரும்பாலும் நிலத்திலிருந்து ஏழெட்டு மீற்றர் உயரத்துக்குள்ளேயே பறக்கிறது. வயலில் உழவு நடக்கும்போதும் மாடுகள் மேயும்போதும் அவற்றின் காலடியில் கிளம்பும் பூச்சிகளுக்காகப் பின்தொடர்வதைக் கண்டிருப்பீர்கள். இப்போது உழவு இயந்திரத்தையும் அவ்வாறே தொடர்கிறது. தும்பி தாழப் பறந்தால் மழை என்று நாம் சொல்வதைப்போல, தகைவிலான் தாழப் பறந்தால் மழை என்று ஐரோப்பிய விவசாயிகள் சொல்வார்கள். காற்றில் ஈரம் ஏறிப் பூச்சிகள் தாழ இறங்கும்போது அவற்றைத் தின்பதும் உடன் இறங்குகிறது என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இரவில் அவை தனித்தனியே உறங்குவதில்லை. சம்புப் புல்லும் கோரையும் அடர்ந்த நீர்க்கரைகளில், அல்லது நகரங்களின் மின்கம்பிகளில், மாலை மங்கும்போது பெருங்கூட்டமாக வந்து சேர்ந்து அடைகின்றன. தாய்லாந்தின் பாங்கொக் நகரில் சீலோம் வீதியின் கம்பிகளில் அடையும் கூட்டம் உலகறிந்தது. சந்தடியும் வெளிச்சமும் மிகுந்த தெருவை ஒரு காட்டுப்பறவை உறங்கத் தெரிந்தெடுப்பது விநோதமாகத் தோன்றலாம். பாம்பும் ஆந்தையும் நெருங்காத இடம் அது என்று எண்ணினால் விநோதம் குறையும்.

இவை இங்கு வந்து சேரும் பாதையைப் பற்றியும் ஓரிரு சொற்கள். தகைவிலான் பகலில் பயணம் செய்யும் பறவை. கட்டுச்சோறு கொண்டுபோகத் தேவையில்லாமல் வழியிலேயே உண்டுகொண்டு போகிறது. சாதாரணமாக மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். கோடியக்கரையிலிருந்து நம் வடகரைக்கு ஐம்பது அறுபது கிலோமீற்றர். அந்தக் கடலை நேரே கடந்தால் ஒன்றரை மணிநேர வேலை. வலசை என்ற உண்மையே ஒரு காலத்தில் நம்பப்படவில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லலாம். ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் மறைந்துபோகும் இந்தப் பறவைகள் பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கின்றன என்று அரிஸ்ரோட்டில் எழுதினார். பிற்காலத்தில் குளத்தின் அடிச்சேற்றில் உறங்குகின்றன என்றுகூட நம்பினார்கள். உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் போன்றவரும் அந்த நம்பிக்கையிலிருந்து விடுபடவில்லை. பிரித்தானியப் பறவைகள் போகும் இடம் எதுவென்று காட்டியது ஒரு சிறு உலோக வளையம்: இங்கிலாந்தின் ஸ்ரஃபோர்ட்சயரில் ஜோன் மேஸ்ஃபீல்ட் என்ற சட்டத்தரணி தம் வீட்டில் கூடு கட்டிய ஒரு தகைவிலானின் காலில் 1911ஆம் ஆண்டு மே மாதத்தில் வளையம் இட்டார், அது 1912ஆம் ஆண்டு டிசம்பரில் தென்னாபிரிக்காவின் நேற்றாலில் ஒரு பண்ணைவீட்டில் பிடிபட்டது.

கூட்டைப் பற்றி நீங்கள் கூடுதலாகக் கேட்டிருந்ததால் அதை விரிவாகச் சொல்கிறேன். வடக்கே இளவேனில் தொடங்கும்போது முதலில் போய்ச் சேர்பவை ஆண்பறவைகள். சென்ற ஆண்டு கூடு வைத்த அதே வீட்டை, பல நேரங்களில் அதே கூட்டைத் தேடிச் சென்று, அதைச் சுற்றிப் பறந்தும் பாடியும் தன் உரிமையை அறிவிக்கின்றன. பெண்பறவை இடத்தையும் பார்க்கிறது, ஆளையும் பார்க்கிறது. டென்மார்க்கில் ஆய்வு செய்த அந்தர்ஸ் மொல்லர், ஆண்பறவைகளின் வால்கம்பிகளைச் சிலவற்றுக்கு வெட்டிக் குறுக்கியும் சிலவற்றுக்கு ஒட்டி நீட்டியும் பார்த்தார். வால் நீட்டப்பட்ட ஆண்களுக்கு விரைவில் துணை கிடைத்தது என்பதை 1988இல் வெளியிட்டார். நம் கம்பிகளில் அமர்ந்து மாதக்கணக்கில் மெல்ல வளர்த்தெடுக்கும் அந்த இரண்டு இறகுகளின் பயன் என்ன என்று மாணவர் கேட்டால், இதைச் சொல்லலாம்.

பழங்காலத்தில் இவை குகைகளிலும் மலைமுகட்டு விளிம்புகளிலும் கூடு கட்டியவை. மனிதன் வீடும் மாட்டுத்தொழுவமும் பாலமும் கட்டத் தொடங்கிய பின்னர் அவற்றையே ஏற்றுக்கொண்டன. இன்று இயற்கையான இடத்தில் கட்டப்பட்ட கூட்டைக் காண்பதே அரிது. வேண்டுவன மூன்று: மழை படாத கூரை, செங்குத்தான சுவர் அல்லது குறுக்குமரம், எந்நேரமும் திறந்திருக்கும் ஒரு வழி. கூடு அரைக்கிண்ண வடிவில் சுவரோடு ஒட்டியிருக்கும், அல்லது விட்டத்தின் மேல் முழுக்கிண்ணமாக அமர்ந்திருக்கும். கூரைக்கு மிக அண்மையில் அதை வைப்பதால் பூனையோ காகமோ எட்டுவது கடினம்.

கட்டுமானப் பொருள் சேறு. ஆணும் பெண்ணும் குட்டைக் கரையில் இறங்கி, அலகில் ஒரு சிறு உருண்டை ஈரமண்ணை எடுத்துச் சென்று ஒட்டுகின்றன. ஒரு கூட்டுக்கு ஆயிரம் உருண்டைகள் வரை தேவைப்படும். அந்த மண்ணோடு வைக்கோல் துண்டும் புல்லும் கலந்திருக்கும். நம் முன்னோர் மண்வீட்டுச் சுவருக்கு மண்ணைக் குழைக்கும்போது வைக்கோலை வெட்டிப் போட்டு மிதித்தது எதற்காகவோ, அதே காரணத்துக்காகத்தான் இதுவும்: காயும்போது வெடிக்காமல் இழுத்துப் பிடிப்பதற்காக. சில வரிசைகளைக் கட்டியபின் அவை காயும் வரை பொறுத்திருந்து மேலே தொடர்கின்றன, இல்லாவிட்டால் ஈரப் பாரத்தில் கூடு சரிந்துவிடும். எனவே மழையே இல்லாத வறட்சியிலும் வேலை நின்றுபோகும், ஓயாத மழையிலும் நின்றுபோகும். உள்ளே மெல்லிய புல்லும் அதன்மேல் இறகுகளும் பரப்பப்படும். கோழி இறகு கிடைத்தால் மிக விருப்பம். பழைய கூடு உறுதியாக இருந்தால் விளிம்பை மட்டும் பூசிப் புதுப்பித்து அதையே பயன்படுத்தும், இவ்வாறு ஒரே கூடு பல ஆண்டுகள் நின்று பிடிக்கும்.

முட்டைகள் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து. வெள்ளை நிறத்தில் செம்பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் 20 மில்லிமீற்றர் நீளம், 2 கிராமுக்கும் குறைந்த நிறை. பெரும்பாலும் பெண்பறவையே அடைகாக்கிறது. இரண்டு வாரங்களிலிருந்து பத்தொன்பது நாட்களுக்குள் பொரிக்கும். கண் திறவாத, இறகில்லாத குஞ்சுகளுக்குப் பெற்றோர் இருவரும் இரை ஊட்டுகிறார்கள். பிடித்த பூச்சிகளைத் தொண்டையில் சேர்த்து உருண்டையாக்கிக் கொண்டுவந்து கொடுப்பதால் ஒரு பயணத்தில் பல பூச்சிகள் வந்து சேரும். குஞ்சுகளின் கழிவு ஒரு சவ்வுப்பையில் வெளிவருவதால், முதல் நாட்களில் பெற்றோர் அதைக் கவ்விச் சென்று வெளியே போட்டுவிடுகின்றன. வளர்ந்த குஞ்சுகள் தாமே விளிம்பில் திரும்பி அமர்ந்து கீழே கழிக்கும். யப்பானில் கடை வாசல்களிலும் ரயில் நிலையங்களிலும் இந்தக் கூடுகளுக்குக் கீழே சிறு பலகையொன்றை அறைந்து வைப்பதற்கு இதுவே காரணம். கூட்டைக் கலைப்பதில்லை, வாடிக்கையாளரின் தலையையும் காப்பாற்றுகிறார்கள். அங்கே தகைவிலான் கூடு வைத்த வீட்டுக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை உண்டு, நம் பழைய வீடுகளில் அடைக்கலக் குருவிக்கு இருந்த மதிப்புப்போல.

பொரித்து 18 முதல் 23 நாட்களில் குஞ்சுகள் பறக்கத் தொடங்கும். அதன்பின்னும் ஒரு வாரமளவு பெற்றோர் வெளியில் வைத்து ஊட்டுகின்றன. பின்னர் அதே கூட்டில் இரண்டாம் ஈடு முட்டை. அந்த இரண்டாம் ஈட்டுக் குஞ்சுகள் பறந்து சில வாரங்களில் குளிர் நெருங்கிவிடும், பயணம் தொடங்கிவிடும். நீங்கள் ஐப்பசியில் காணும் வெளிறிய முகத்துப் பறவைகளுட் சில பிறந்து இரண்டு மூன்று மாதங்களே ஆனவையாக இருக்கலாம்.

இவ்வளவு உணவுள்ள இடத்தில் ஏன் கூடு கட்டாமல் போகிறது என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பகற்பொழுதின் நீளம் ஒரு விடை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணிநேரத்துக்குச் சற்றே கூடுதல். யப்பானின் வட தீவில் யூன் மாதப் பகல் பதினைந்து மணிநேரத்துக்கு மேல். ஐந்து வாய்களுக்கு இரை தேட வேண்டிய பெற்றோருக்கு நாளொன்றுக்கு இரண்டரை மணிநேரம் கூடுதலாகக் கிடைப்பது சிறிய உதவியல்ல. அந்தக் கோடையில் அங்கே பூச்சிகளும் பெருகிக் கிடக்கும். அதே யூன் மாதத்தில் நம் தரவைகள் வெடித்துக் கிடக்கின்றன, சோளகம் புழுதி வாரி இறைக்கிறது, ஓர் உருண்டை சேறு எடுக்கக்கூட வழியில்லை. ஆனாலும் இந்தப் பழக்கம் மாறவே மாறாது என்று அடித்துச் சொல்லிவிட வேண்டாம். வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க ஆர்ஜென்ரீனாவுக்குப் போய்வந்த தகைவிலான்களிற் சில, 1980ஆம் ஆண்டில் அங்கேயே புவெனஸ் அயரஸ் மாகாணத்தில் கூடு கட்டத் தொடங்கின; இன்று அங்கே நிலையாகப் பெருகிவிட்டன.

இலங்கையில் தகைவிலான் கூட்டைக் கண்டோம் என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்டது இந்தத் தீவிலேயே வாழும் உறவினங்களின் கூடு. மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து பங்களாக்களிலும் தொழிற்சாலைகளிலும் சேற்றுக் கிண்ணம் ஒட்டுவது மலைத் தகைவிலான். அதற்கு மார்புப் பட்டையும் இல்லை, நீண்ட வால்கம்பியும் இல்லை. மற்றது 1849இல் எட்வர்ட் பிளைத் அறிவியற் பெயரிட்ட இலங்கைத் தகைவிலான். வயிறும் பிட்டமும் ஆழ்ந்த செம்பழுப்பாக இருக்கும். மதகுகளின் அடியிலும் பாறைக் குகைகளிலும், சுரைக்குடுக்கையைப் பாதியாகப் பிளந்து முகட்டில் ஒட்டியதுபோல், குழாய் வாயிலுடன் மூடிய சேற்றுக்கூட்டைக் கட்டுகிறது. நீண்டகாலம் அதை ஒரு துணையினமாகவே வைத்திருந்தார்கள். இப்போது இலங்கைக்கே உரிய தனி இனமாகக் கொள்கிறார்கள். தெற்கே சுற்றுலாப் போகும்போது மதகுக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டி கட்டலாமா என்று கேட்ட மாணவனுக்கு: கட்டலாம், ஆனால் தகைவிலானுக்கல்ல. அதில் அடைக்கலக் குருவி வந்து குடியேறக்கூடும். வாய் சிறிய சட்டியாகப் பார்த்து, பூனை ஏற முடியாத உயரத்தில், வெயில் நேரே படாத பக்கத்தில் கட்டட்டும். அம்மம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். வேலி அடைக்க ஓலை வெட்டுவதற்கு ஆள் ஏறும்போது, தொங்கும் ஓலையின் மடிப்பில் அந்தப் பஞ்சுக் கிண்ணம் இருந்து, உழவாரன்கள் அந்த ஓலைக்குள் போய்வந்துகொண்டும் இருந்தால், அந்த ஓலையை மட்டும் இன்னும் சில வாரங்கள் மரத்திலேயே விட்டுவைக்கச் சொல்லட்டும்.